முகத்துக்கான அறுவைச் சிகிச்சைகளும் அழகுச் சிகிச்சைகளும்: குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

"ஹஜ்ரத், பேரப்பிள்ளை உதடு பிளந்து பிறந்திருக்கு. அல்லாஹ் கொடுத்த முகத்துல கத்தி வைக்கலாமா?" ஜும்ஆ முடிந்ததும் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். அதே வாரம் இன்னொரு வீட்டில், நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்த பெண்ணின் முகம் சிவந்து பருக்கள் நிறைந்து கிடந்தது. முகம் வெளுக்க என்று மருந்துக்கடையில் வாங்கிய கிரீமை ஆறு மாதமாகப் பூசியிருக்கிறாள். அந்தக் கிரீமைப் பற்றி யாரும் வந்து கூடுமா கூடாதா என்று கேட்கவில்லை.

நம் வீடுகளில் பயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இல்லாமல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உடம்பில் பிளாஸ்டிக்கை வைப்பார்கள் என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. உருவம் கொடுத்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, அவ்வளவுதான். மார்க்க நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி கிடைத்தது. 2007இல் மலேசியாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இதே வழியில்தான் தீர்மானித்தது: பிறவிக் குறை, விபத்து, தீக்காயம் ஆகியவற்றைச் சரிசெய்வது கூடும், குறை ஏதுமில்லாத தோற்றத்தை ஆசைக்காக மாற்றுவது கூடாது.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்

உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் இரு பக்கங்களும் வந்து இணையும்போது ஏற்படும் தடைதான் இது. பரம்பரை, ஃபோலிக் அமிலக் குறைவு, வலிப்புக்கான சில மருந்துகள், கட்டுப்படாத சர்க்கரை, புகை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். கிரகணத்தன்று உம்மா அரிவாள்மனையைத் தொட்டதால் வந்தது என்று பேசுவதை நிறுத்துங்கள். தம் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்தபோதும், யாருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்று சொன்ன நபியின் உம்மத் நாம். பிள்ளை பெற்ற பெண்ணை மாமியார் வீடு அந்தப் பேச்சாலேயே நோகடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உதட்டை மூன்று மாதம் முதலே சரிசெய்கிறார்கள். குழந்தை பத்து வாரம் கடந்து, ஏறக்குறைய நாலரைக் கிலோ எடையும், இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபினும் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அண்ணத்தை 9 முதல் 18 மாதத்துக்குள், அதாவது பேச்சு முற்றாக வருவதற்கு முன் மூடுவார்கள். தாமதமானால் மூக்கால் பேசும் பழக்கம் படிந்துவிடும். பிறகு திருத்துவது கடினம். ஈறில் பிளவு இருந்தால் எட்டு முதல் பதினொரு வயதுக்குள் எலும்பு வைக்க வேண்டியிருக்கும். காதில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறையலாம் என்பதால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை பால் கொடுப்பதுதான் பெரிய பாடு. அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியே வரும். தாய்ப்பாலைப் பிழிந்து, தலையை உயர்த்திப் பிடித்து, சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். எடை ஏறாவிட்டால் அறுவை தள்ளிப்போகும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். குழந்தைகளுக்கான தேசிய நலத்திட்டத்தில் இக்குறை சேர்ந்திருக்கிறது. சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு. ஸ்மைல் டிரெயின் அமைப்பின் உதவியோடு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. நான் சொன்ன அந்தப் பிள்ளைக்கு உதடும் அண்ணமும் சரியாகிவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஐந்து மாதம் வீணாய்ப் போனது.

மூக்கு

மூக்கின் நடுத்தண்டு வளைந்து மூச்சு அடைத்தால் அதை நேராக்குவது நோய்க்கான சிகிச்சை. வெளித்தோற்றத்தை மாற்றுவது வேறு. எலும்பு வளர்ந்து முடியும் முன், அதாவது பெண்களுக்கு 15, 16 வயது, ஆண்களுக்கு 17, 18 வயதுக்கு முன் அதைப் பொதுவாகச் செய்வதில்லை. வெளியே வைக்கும் கட்டு ஒரு வாரத்தில் வரும். வீக்கம் முற்றாக வடிய ஓராண்டும் ஆகலாம் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

தலையைக் குனிந்தால் இரத்தம் கசியும் என்பதால் முதல் ஒன்றிரண்டு வாரம் குனியக் கூடாது என்பார்கள். அந்த நாட்களில் உட்கார்ந்து சைகையால் ருகூவும் சுஜூதும் செய்யுங்கள். ஒளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்த வேண்டாம். கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். சிரமத்தைத் தாங்கிச் சுஜூது செய்து இரத்தம் கொட்ட வந்தவரும் உண்டு. சலுகையை ஏற்றுக்கொள்வதும் வணக்கம்தான்.

ஊசிகள்

போடாக்ஸ், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்து. சில நாட்களில் வேலைசெய்யத் தொடங்கி மூன்று, நான்கு மாதத்தில் மறைந்துவிடும். சுருக்கத்துக்கு என்று பெயர்பெற்றாலும், 1989இல் அமெரிக்காவில் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் தானாக இமை துடித்து மூடும் நோய்க்கும்தான். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் பொதுவாகப் போடுவதில்லை.

ஃபில்லர் என்பது கன்னம், உதடு போன்றவற்றை உப்ப வைக்கும் ஜெல். பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலம். ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகும். அபூர்வமாகப் பார்வையே போய்விடும். அதைக் கரைக்கும் மருந்து கையிலில்லாத அழகு நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்வது அறிவுடைமை அல்ல. வெளுப்பதற்கு என்று போடும் குளுதாதையோன் ஊசியும் அங்கேதான் விற்கப்படுகிறது. தோலை வெளுக்கும் ஊசி எதற்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்ததில்லை.

தாடை, மேலுதட்டில் முடி வளரும் பெண்கள் லேசருக்கு முன் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கருப்பைப்பக்க நீர்க்கட்டிதான் காரணம் என்றால் அதற்கு மருந்தில்லாமல் லேசர் மட்டும் நிற்காது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் வேண்டும். வெளுத்த முடியில் லேசர் பலிக்காது. பெண்கள் தாடி, மீசை முடியை நீக்குவதை அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள்.

கிரீம்கள்

மருந்துக்கடையில் கிடைக்கும் பல கிரீம்களில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என ஏதோ ஒரு ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பருவும் முடியும் வரும். நிறுத்தினால் எரிச்சல் பன்மடங்காகும். அதனால் மீண்டும் பூசுவார்கள். இதை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சில மாதங்கள் பூசியவர் திடீரென்று தானே நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போகட்டும்.

பெயர் தெரியாத, வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கக்கூடும். கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கிறது.

இப்படிப்பட்ட கிரீம் பூசும் ஒருவருக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ, உடனே சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவருக்குக் காரணம் பிடிபடாது.