அடைபட்ட தமனியும் அறுபட்ட நரம்பும்

1785-இல் லண்டனில் ஜான் ஹண்டர், முழங்காலின் பின்னே தமனி வீங்கிய வண்டியோட்டி ஒருவரின் தொடைத் தமனியைக் கட்டினார். கால் அழியவில்லை, கிளைத் தமனிகள் விரிந்து குருதியைச் சுமந்தன. பெருவழி அடைபட்டால் சந்துகள் வழியே வண்டிகள் வருவதை நாம் அறிவோமன்றோ?

அக்கிளைகளை இறுக்கிப் பிடிப்பவை பரிவு நரம்புகள். அவற்றை அறுத்தால் அடைபட்ட காலும் பிழைக்குமெனக் கருதி, 1924-இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹூலியோ தியெஸ் இடுப்புப் பகுதியில் அவற்றை அறுத்தார். குளிர்ந்த பாதங்கள் வெதுவெதுப்புற்றன. புண்கள் சில ஆறின. ஆயினும் நடக்கையில் கெண்டைக்காலைப் பிடிக்கும் வலி பெரும்பாலும் நீங்கவில்லை. பயன் தோலுக்கே மிகுதி.

1948-இல் பாரிஸில் ழான் குன்லின், நோயாளியின் சிரையையே மாற்றுவழியாகத் தைத்தார், நரம்பறுவை பின்தங்கிற்று. எனினும், பீடி புகைப்போரை மிகுதியும் பற்றும் பர்கர் நோயில், தைக்கத் தக்க குழாய் எஞ்சாதபோது, நம் நாட்டு மருத்துவர் சிலர் இன்றும் அதனை நாடுகின்றனர். புகையை விடாதவர்க்கு அதனாலும் நெடும்பயன் இல்லை.