டெர்மினல் கர்சர்: கோளாறுகளும் திருத்தங்களும்

கட்டளை வரி டெர்மினலில் அடுத்த எழுத்து விழப்போகும் இடத்தைக் காட்டும் குறி கர்சர். அது காணாமல் போவதும், வடிவம் மாறி நிற்பதும், இடம் தவறி நிற்பதும் நெடுங்காலக் கோளாறுகள். கர்சரைப் பற்றி நிரல் போடும் கணக்கும் டெர்மினல் போடும் கணக்கும் ஒத்துப்போகாததே இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம்.

1963இல் வந்த டெலிடைப் 33 கருவி தாளில் அச்சடித்ததால் அச்சுத்தலை நிற்கும் இடம் கண்ணுக்கே தெரிந்தது. திரை வந்தபின் தனி அடையாளம் தேவைப்பட்டது. ஸ்பெர்ரி ராண்டில் பணியாற்றிய சார்லஸ் கீஸ்லிங் மின்னும் கர்சருக்கு 1967இல் காப்புரிமை கோரி 1970இல் பெற்றார்.

அடுத்து வந்தது குழப்பக் காலம். கர்சரை நகர்த்த, லியர் சீக்லரின் ஏடிஎம்-3ஏ டெர்மினல் எஸ்கேப் குறியை அடுத்து ‘=’ எதிர்பார்த்தது; டெக் நிறுவனத்தின் விடி52 அதே இடத்தில் ‘ஒய்’ எழுத்தை எதிர்பார்த்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் குப்பையைக் கொட்டியது. பெர்க்லியில் விஐ உரைத் தொகுப்பானை எழுதிய பில் ஜாய், ஒவ்வொரு டெர்மினலின் குறிகளையும் ஒரே கோப்பில் தொகுத்து டெர்ம்கேப்பை உருவாக்கினார். அதன் வழியில் டெர்மின்ஃபோ வந்தது. 1978இல் வெளியான விடி100, அன்சி தரக்குறிகளைப் பரவலாக்கியது. இன்றைய டெர்மினல் மென்பொருள்கள் பலவும் அதன் வாரிசுகளே.

1983இல் வந்த விடி220 கர்சரை மறைக்கவும் மீண்டும் காட்டவும் கட்டளை தந்தது. கர்சரை மறைத்த நிரல் இடையில் செத்துவிட்டால் ‘காட்டு’ என்ற கட்டளை போய்ச் சேராது. அப்போது ‘tput cnorm’ என்று அடித்தால் போதும். திரையே சிதைந்திருந்தால் ‘reset’. வெளியேறும்முன் கர்சரை மீட்டுவைப்பது நிரல் எழுதியவரின் கடமை. ஆனால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்படும் நிரலுக்கு அந்த வாய்ப்பே இல்லை. தொகுப்பான் விட்டுச்சென்ற கோடு வடிவத்தைக் கட்டமாக்கவும் தனிக் கட்டளை உண்டு.

இடம் தவறுவதுதான் கடினமான கோளாறு. பாஷ் ஷெல்லின் கட்டளைத் தூண்டியில் நிறக்குறிகளை ‘\[’, ‘\]’ இரண்டுக்கும் இடையில் வைக்காவிட்டால் பாஷ் அவற்றையும் எழுத்துகளாக எண்ணிவிடும். நீண்ட கட்டளை வரி மடங்கும் இடத்தில் கர்சர் பிசகும். அடைப்பிட்டால் சரியாகிவிடும்.

தமிழுக்கு அத்தனை எளிய தீர்வு இல்லை. எழுத்தின் அகலத்தைக் கணிக்கப் பல நிரல்கள் நம்பும், மார்க்கஸ் குன் என்பவரின் அட்டவணை, யூனிகோடு வகைப்பாட்டைப் பின்பற்றிப் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் சுழிய அகலம் தருகிறது. இகரக் குறிக்குத் திரையில் ஒரு கட்ட அகலம் தருகிறது. எனவே ‘கீ’ ஒரு கட்டம், ‘கி’ இரண்டு! திரையில் எழுத்துரு வரையும் அகலம் வேறு. தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திருத்துகையில் கர்சர் விலகி நிற்பது இதனால்தான். பயனர் எந்த அமைப்பை மாற்றினாலும் இது முழுமையாகத் தீராது. முழு எழுத்தை ஓர் அலகாக எண்ண ‘2027’ என்ற எண்ணுள்ள பயன்முறையைச் சில புதிய டெர்மினல்கள் ஏற்றுள்ளன; ஷெல்களும் தொகுப்பான்களும் அதே முறையில் எண்ணியாக வேண்டும்.