பாரவூர்திச் சாரதிகளின் களைப்பும் கணக்கிடும் கருவியும்

தூக்கக் கலக்கத்துடன் சாரதி ஒருவர் செலுத்தும் பாரவூர்தி அவருக்கு மட்டுமன்றி, அவ்வீதியில் பயணிக்கும் அனைவருக்கும் ஆபத்தானது. இதனை மறுப்பவர் எவருமில்லை. ஆனால், அக்களைப்பை எவ்வாறு தடுப்பது என்ற வினாவுக்கு இலகுவான விடை கிடைத்துவிடவில்லை. இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்கா பெற்றுள்ள நீண்ட அனுபவம் ஆராயத்தக்கதென நாம் கருதுகின்றோம்.

அங்கு 1935 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தைத் தொடர்ந்து, 1930களின் பிற்பகுதியில் சாரதிகளின் கடமை நேரத்துக்கு முதன்முதலாக வரையறை விதிக்கப்பட்டது. பல திருத்தங்களுக்குப் பின்னர் இன்று நடைமுறையிலுள்ள விதி இதுவாகும்: பொருட்களை ஏற்றிச் செல்லும் சாரதி ஒருவர் தொடர்ச்சியாக 10 மணித்தியாலங்கள் ஓய்வெடுத்த பின்னரே கடமையை ஆரம்பிக்கலாம். கடமை ஆரம்பித்த நேரத்திலிருந்து 14 மணித்தியாலங்களுக்குள் ஆகக்கூடியது 11 மணித்தியாலங்களே வாகனம் செலுத்தலாம். 8 மணித்தியாலங்கள் வாகனம் செலுத்தியதும் 30 நிமிட இடைவேளை கட்டாயமானது. 7 நாட்களில் 60 மணித்தியாலங்கள் அல்லது 8 நாட்களில் 70 மணித்தியாலங்கள் என்பது வாராந்த எல்லையாகும்.

விதி இருந்தபோதிலும் அதனைக் கண்காணித்தது சாரதி தன் கைப்பட எழுதிய கடதாசிப் பதிவேடு மாத்திரமே. அதனைச் சாரதிகளே 'சித்திரக்கதைப் புத்தகம்' என்று கேலியாக அழைத்தனர் என்றால், அதில் எழுதப்பட்டவற்றின் நம்பகத்தன்மையை விளக்கத் தேவையில்லை.

இந்நிலையை மாற்றுவதற்காக 2012 ஆம் ஆண்டில் அமெரிக்க காங்கிரஸ், இலத்திரனியல் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்குமாறு பணித்தது. 2015 டிசம்பரில் வெளியிடப்பட்ட விதி 2017 டிசம்பர் 18 ஆம் திகதி அமுலுக்கு வந்தது. 2018 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, கருவியின்றிப் பிடிபடும் சாரதிகள் பயணத்தைத் தொடர முடியாதவாறு வீதியிலேயே தடுக்கப்பட்டனர். வாகனத்தின் இயந்திரத்துடன் இணைக்கப்படும் இக்கருவி, வாகனம் மணிக்கு 5 மைல் வேகத்தை எட்டியதும் செலுத்தும் நேரத்தைத் தானாகவே பதிவு செய்யத் தொடங்குகின்றது. குறுந்தூரச் சேவையில் ஈடுபடுவோருக்கும், 2000 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட இயந்திரங்களைக் கொண்ட வாகனங்களுக்கும் விலக்கு உண்டு.

இது தமது அந்தரங்கத்தில் தலையிடுவதாகச் சாரதிகள் நீதிமன்றம் சென்றனர். இதற்கு முந்திய விதியொன்றை, சாரதிகள் நிறுவனங்களால் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க அது போதிய ஏற்பாடு செய்யவில்லை எனக் கூறி 2011 இல் இரத்துச் செய்த அதே மேன்முறையீட்டு நீதிமன்றம், புதிய விதியை 2016 இல் ஏற்றுக்கொண்டது.

கருவியினால் பொய்ப் பதிவுகள் பெருமளவு குறைந்தன என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் விபத்துகள் குறைந்தனவா? 2021 இல் வெளியான ஆய்வொன்று, சிறிய நிறுவனங்களில் நேர விதி மீறல்கள் வீழ்ச்சியடைந்த போதிலும் விபத்துகள் குறையவில்லை என்றும், அதிவேகம் போன்ற மீறல்கள் அதிகரித்தன என்றும் எடுத்துக்காட்டியது. நேரம் இறுக்கப்பட்டபோது இழந்த நேரத்தை வேகத்தால் ஈடுசெய்ய முற்பட்டனர் என்பதே இதன் பொருள்.

கடமை நேரத்துக்கும் களைப்புக்கும் உள்ள வேறுபாட்டை 2014 ஜூன் மாதம் நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் நிகழ்ந்த விபத்து உணர்த்துகின்றது. நகைச்சுவை நடிகர் ட்றேசி மோர்கன் படுகாயமடைந்து, அவருடன் பயணித்த ஒருவர் உயிரிழந்த அவ்விபத்தில், பாரவூர்திச் சாரதி ஏறத்தாழ 28 மணித்தியாலங்கள் உறங்கியிருக்கவில்லை எனத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. கடமையைப் பொறுப்பேற்பதற்காக அவர் தன் வீட்டிலிருந்து இரவு முழுவதும் சொந்த வாகனத்தில் பயணித்து வந்திருந்தார். அந்தப் பயணம் எந்தக் கடமைப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

பிரச்சினையின் வேர் வேறிடத்தில் உள்ளது. அமெரிக்காவின் தூரப் பயணச் சாரதிகளில் பெரும்பாலானோர் ஓடிய மைல்களுக்கே கூலி பெறுகின்றனர். களஞ்சியங்களில் பொருட்களை ஏற்றவும் இறக்கவும் மணிக்கணக்கில் காத்திருக்கும் நேரத்துக்குப் பலருக்குக் கொடுப்பனவு இல்லை. ஆனால், 14 மணித்தியாலக் கணக்கோ நிற்பதில்லை. காத்திருப்பு நேரம் சராசரியாக 15 நிமிடங்களால் அதிகரிக்குமாயின் எதிர்பார்க்கப்படும் விபத்து வீதம் 6.2 சதவீதத்தால் உயரும் என அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கண்காணிப்புப் பிரிவு 2018 இல் மதிப்பிட்டது. போதாக்குறைக்கு, 1938 ஆம் ஆண்டின் தொழில் நியமங்கள் சட்டம் மேலதிக நேரக் கொடுப்பனவு பெறும் உரிமையை இச்சாரதிகளுக்கு வழங்கவில்லை.

ஓய்வெடுக்க இடம் வேண்டுமென்பதும் மறக்கப்படலாகாது. 2009 இல் தென் கரோலினா மாநிலத்தில், பொருட்களை இறக்குவதற்கு உரிய நேரத்துக்கு முன்னரே வந்துவிட்ட சாரதி ஒருவர், கைவிடப்பட்ட எரிபொருள் நிரப்பு நிலையமொன்றில் வாகனத்தை நிறுத்திக் காத்திருந்தபோது கொள்ளையிடப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். பாதுகாப்பான தரிப்பிடங்களை ஆராய்ந்து உருவாக்குவதற்கான 'ஜேசனின் சட்டம்' அவரது பெயரிலேயே 2012 இல் கொண்டுவரப்பட்டது. ஓய்வெடு என்று கட்டளையிடும் அரசு, எங்கே ஓய்வெடுப்பது என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு முதல் புதிய பாரவூர்திகளில் டிஜிட்டல் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியது. எனினும் அது அத்துடன் நின்றுவிடவில்லை. ஓடிய தூரத்துக்கோ ஏற்றிச் சென்ற பொருட்களின் அளவுக்கோ ஏற்ப வழங்கப்படும் கொடுப்பனவு வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தை விளைவிக்குமாயின், அதனை வழங்கக் கூடாதென அதே ஆண்டின் ஒழுங்குவிதி நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. நோயின் அறிகுறியை மட்டுமன்றி அதன் காரணத்தையும் சட்டம் நோக்கியமை இங்கு குறிப்பிடத்தக்கது.

கருவி தேவையில்லை என்பது எமது வாதமல்ல. பொய்ப் பதிவேடுகளின் காலத்துக்குத் திரும்பிச் செல்வதை எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால், தொழிலாளியைக் கண்காணிப்பதற்கு அரசு காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும், அவரைக் காக்க வைக்கும் களஞ்சிய உரிமையாளர்களிடமும் அவரது கூலியைத் தீர்மானிக்கும் நிறுவனங்களிடமும் காட்டியிருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியமும், உறங்குவதற்குப் பாதுகாப்பான இடமும் வழங்கப்படாத வரை, கருவி சாரதியின் நேரத்தைப் பிழையின்றிக் கணக்கிடும்; அவரது களைப்பைக் குறைக்காது. அக்களைப்பின் விலையை வீதியில் செல்லும் அப்பாவிகளும் சேர்ந்தே செலுத்துகின்றனர் என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.