இப்னு ஹஜர் எழுதிவைத்த கணக்கு

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எங்கள் ஊரில் சினோபார்ம் ஊசி போடத் தொடங்கியிருந்த நாட்கள். அஸர் தொழுதுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக் காக்கா வேலியடியில் என்னை மறித்துக் கேட்டார்: “சேர், ஜனாஸாவ அடக்கினா தண்ணியில கிருமி வரும் எண்டு சொன்னவங்கதானே இப்ப ஊசி போட வாங்க எண்டு கூப்பிடுறாங்க? அத எப்பிடி நம்புற?”

காக்காவுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. சீனி வருத்தமும் இருந்தது. ஊசி முதலில் தேவைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் கேட்டதை விளங்காத மனிதரின் பேச்சு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வருடத்துக் காயம் இருந்தது.

2020 மார்ச் இறுதியில் நம் சமூகத்தின் முதலாவது கொவிட் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அடக்குவதற்கும் எரிப்பதற்கும் இடம் கொடுத்திருந்தும் இது நடந்தது. உயர் நீதிமன்றம் போனோம். டிசம்பர் 1 ஆம் திகதி, மனுக்களை மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுக்கப்பட்டது. அதே மாதத்தில் பிறந்து இருபதே நாளான பச்சிளம் குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் கபன் துணியைக் கட்டிவிட்டு அழுதுகொண்டு திரும்பினார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க முடிந்தது.

அந்த மாதங்கள் முழுக்க நாம் கேட்டது ஒன்றைத்தான்: விஞ்ஞான ஆதாரத்தைக் காட்டுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சாட்சிக்கு அழைத்தோம். அடக்குவதால் ஆபத்து என்பதற்கு ஆதாரமில்லை என்று இலங்கை மருத்துவச் சங்கம் சொன்னபோது அந்த அறிக்கையை ஆளுக்காள் அனுப்பிக்கொண்டோம். முகக்கவசம் அணியுங்கள், இடைவெளி விடுங்கள், ஊசி போடுங்கள் என்று சொன்னதும் அதே சாட்சிகள்தான். ஜனாஸா விசயத்தில் அவர்களை நம்பிவிட்டு ஊசி விசயத்தில் மட்டும் பொய்யராக்குவது என்ன நியாயம்?

அன்று காக்காவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் அசையவில்லை. “மௌத்து எழுதின நேரத்துலதான் வரும் சேர்” என்றார்.

உமர் (ரழி) அவர்களின் சம்பவத்தை நினைவூட்டினேன். ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில் ஸர்ஃ என்ற இடத்தில் அவர்களுக்குக் கொள்ளைநோய்ச் செய்தி கிடைக்கிறது. முஹாஜிர்களைக் கேட்கிறார்கள், அன்ஸார்களைக் கேட்கிறார்கள். இரு தரப்பிலும் கருத்துப் பிளவு. மக்கா வெற்றிக் காலத்துக் குறைஷிப் பெரியவர்கள் மட்டும் ஒரே குரலில் திரும்பச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) கேட்க, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதில் சொல்கிறார்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) வந்து அறிவித்தது அதற்குப் பிறகுதான். அபூ உபைதா (ரழி) அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே வபாத்தானார்கள்.

“அது ஊருக்குள்ள போகாம இருக்கிற விசயம். ஊசி போட எங்க ஆதாரம்?” என்று காக்கா திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்விதான் என்னை இப்னு ஹஜர் அஸ்கலானியிடம் கொண்டு போனது. ‘ஃபத்ஹுல் பாரி’ எழுதிய அதே இமாம். நம்மைப் போல் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். கெய்ரோவின் பிரதம காழியாக இருந்தவர். கொள்ளைநோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்றொரு நூலும் அவர் எழுதினார். ஹிஜ்ரி 819 இல் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் கொள்ளைநோயில் மௌத்தானார்கள். நூலைத் தொடங்கியது அந்த வருடம். 833 இல் கர்ப்பிணியாக இருந்த மூத்த மகளும் போய்விட்டார். நூல் முடிந்தது அந்த வருடம். புத்தகத்தின் இரு ஓரத்திலும் அவருடைய பிள்ளைகளின் கப்றுகள்.

அந்த நூலில் ஒரு கணக்கு உண்டு. 833 ரபீஉல் ஆகிர் 27 இல், அதாவது கி.பி. 1430 ஜனவரி பிற்பகுதியில், கெய்ரோவில் நோய் தொடங்கியபோது மௌத்தானவர்கள் நாற்பதுக்கும் குறைவு. மூன்று நாள் நோன்பு பிடிக்குமாறு அறிவிக்கப்பட்டது. ஜமாதுல் அவ்வல் 4 இல் மக்கள் மழைத் தொழுகைக்குப் போவதுபோல் வெட்டவெளியில் ஒன்றுகூடி துஆக் கேட்டுத் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் மௌத்து ஆயிரத்தைத் தாண்டியது.

இந்த நோய் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்ற கருத்தை இப்னு ஹஜர் ஏற்கவில்லை. இப்படிக் கூட்டமாகப் புறப்படுவதற்கு முன்னோரிடம் முன்மாதிரி இல்லை என்பதே அவருடைய வாதம். தொற்றை நிரூபிக்கும் எண்ணமே இல்லாதவர் எழுதியது என்பதால் அந்தக் கணக்கு எனக்கு இன்னும் பெறுமதியாகப்படுகிறது. துஆவுக்குப் போன கூட்டம் என்பதற்காக அவர் எண்ணிக்கையை மறைக்கவில்லை.

ஆனாலும் ஒரு ஆசிரியனாக இதையும் சொல்ல வேண்டும்: அந்தக் கணக்கு மட்டும் போதாது. கொள்ளைநோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கூட்டம் கூடாவிட்டாலும் கூடியிருக்கும். கூட்டம்தான் காரணமா என்று அறிய ஒப்பீடு வேண்டும்.

அந்த ஒப்பீட்டை ஏறக்குறைய எண்பது வருடங்களுக்கு முன் கிரனடாவில் ஒருவர் செய்திருந்தார். 1348 இல் அந்தலுஸை எட்டிய பெருங்கொள்ளைநோயைக் கண்ணால் கண்ட இப்னுல் கதீப், நோயாளியோடு பழகியவர்களையும் பழகாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழகியவர் நோயுற்றார், ஒதுங்கியிருந்தவர் தப்பினார். உடுப்பாலும் பாத்திரத்தாலும் நோய் வீடு மாறியது. நோயுள்ள ஊரிலிருந்து ஆள் வந்து இறங்கிய பிறகே துறைமுகங்களில் நோய் தொடங்கியது. திரும்பத் திரும்பக் கண்ணால் கண்டதோடு ஒரு நபிமொழியின் வெளிப்பொருள் முரண்படுவதாகத் தோன்றினால், அதற்குரிய விளக்கத்தைத் தேட வேண்டும் என்றும் எழுதினார். யெர்ஸின் 1894 இல் ஹொங்கொங்கில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது ஐந்நூறு வருடங்களுக்கும் பிறகு.

எண்ணுவது, பிறகு ஒப்பிடுவது. தடுப்பூசிப் பரிசோதனை என்பதும் அடிப்படையில் இதுதான். ஊசி போட்டவர்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் மறுபக்கம். யார் வைத்தியசாலைக்குப் போனார்கள், யார் மௌத்தானார்கள் என்று எண்ணுகிறார்கள். அதை நம்புவதற்கு எந்த அரசாங்கத்தையும் நம்பத் தேவையில்லை. அடக்கினால் தண்ணீரில் வரும் என்று சொன்னவர்களிடம் இப்படி ஒரு கணக்கும் இருக்கவில்லை. அதுதான் அந்தப் பேச்சுக்கும் இந்த ஊசிக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்த கிழமை காக்காவிடம் இதைச் சொன்னேன். இப்னு ஹஜரின் பெயர் வந்ததும் வேலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “வகுத்துல புள்ளையோட இருந்த மகளா மௌத்தான?”

ஓம் என்றேன். பிறகு இருவரும் பேசவில்லை. சில நாள் கழித்து ஊசி அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததைக் கண்டேன். என் பேச்சாலா, வீட்டுப் பிள்ளைகளின் கரைச்சலாலா என்று நான் கேட்கவில்லை.

2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நமக்கு நடந்ததைத் திகதியோடு எழுதிவைத்தவர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. இனியும் எழுத வேண்டும். ஆனால் அதே காலத்தில் ஊசி வேண்டாம் என்று வீட்டில் இருந்து மௌத்தான நம் ஆட்களை என் ஊரில் யாரும் எழுதிவைத்ததை நான் காணவில்லை. அவர்களிலும் சிலர் ஓட்டமாவடி மண்ணில்தான் இருக்கிறார்கள். அரசு செய்த பிழையின் ஏட்டோடு நாம் விட்ட பிழையின் ஏடும் வேண்டும். மூன்று பெண்பிள்ளைகளைப் பறிகொடுத்த வாப்பா ஒருவர், அறுநூறு வருடங்களுக்கு முன்னால் நாற்பதையும் ஆயிரத்தையும் மறைக்காமல் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.