வணிகக் கணிதம் (தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடம்)

வணிகக் கணிதம் என்பது தமிழ்நாட்டில் 11, 12ஆம் வகுப்புகளில் வணிகவியல் தொகுப்பு மாணவர்கள், பொதுக் கணிதப் பாடத்துக்கு மாற்றாகப் படிப்பது. இன்றைய முழுப்பெயர் ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; ‘பிசினஸ் மேத்ஸ்’தான். பொறியியல் பக்கம் போகாத பிள்ளைக்கும் பள்ளியை விட்டு வெளியேறும்முன் உருப்படியான கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

அந்த எண்ணம் பழையது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்க ஒப்பித்தார்கள். முழு எண்களோடு நிற்காமல் கீழ்வாய் இலக்கத்துக்கும் இறங்கினார்கள்: அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்தப் பின்னங்களைப் பெருக்கத் தனி வாய்பாடுகள் இருந்தன. தானிய அளவுக்கு நெல்லிலக்கம், பொன்னுக்குப் பொன்னிலக்கம், நிலப்பரப்புக்குக் குழிமாற்று. படித்து முடித்தவன் களத்துமேட்டில் நெல் அளக்கும் இடத்திலோ கடையிலோ கணக்குப் பிள்ளையாக உட்காரலாம். வாய்பாடு பாடமான அன்றே தொழிலும் பாதி கைக்கு வந்துவிடும்.

இதற்கு மேற்படிப்பு கணக்கதிகாரம். கொறுக்கையூர்க் காரிநாயனார் செய்த இந்நூல் நிலம், பொன், நெல், அரிசி, கல், கால அளவு என்று பொருள்வாரியாகக் கணக்கைப் பிரித்து, சூத்திரங்களை வெண்பாவில் கட்டித் தருகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி அதில் பிரசித்தம். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. எந்தப் பழத்துக்கும் இது பொருந்துமா என்று சந்தையில் சோதித்துப் பார்ப்பவர் ஏமாறலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவிலிருந்து தெரியாத அளவை மதிப்பிடும் பழக்கத்தை அது ஊட்டியது. இன்றைய பாடநூலின் மாதிரிக் கணிப்பு அத்தியாயம் செய்வதும் அதைத்தான். திண்ணைக் கணக்கு ஊர்க் கணக்கரின் வேலையோடும் நினைவாற்றல் பயிற்சியோடும் பின்னிக் கிடந்த விதத்தை து. செந்தில் பாபு 2022இல் வெளியான தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வணிகக் கணிதத்தின் மூதாதை இந்தத் திண்ணைதான்.

வெள்ளையர் காலப் பள்ளிகளும் தேர்வுகளும் வந்தபின் முந்திரியும் காணியும் வழக்கொழிந்தன. அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும் மேலே ஏறின.

கொங்கு நாட்டில் இந்த ஏட்டுப் படிப்புக்கு எதிர்க்குரல் எழாமல் இல்லை. தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் கைத்தொழிலைப் படிப்போடு சேர்த்தது. ஜி.டி. நாயுடு 1940களில் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமைய முன்னின்றார்; பொறியியலுக்கு நான்கு ஆண்டு என்பது வீண், இரண்டே போதும் என்று வாதாடி, அரசு ஏற்காததால் பொறுப்பைத் துறந்தார். கல்லூரி இடம் மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. அவினாசி சாலை பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் ‘ஹோப் காலேஜ்’ என்ற பெயர் நின்றுவிட்டது.

விடுதலைக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பல்நோக்குப் பள்ளிகளையும், வணிகம், தொழில்நுட்பம், வேளாண்மை உள்ளிட்ட ஏழு பாடப்பிரிவுகளையும் பரிந்துரைத்தது. அக்காலத்துப் பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கே இரண்டாகப் பிரிந்திருந்தது: ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ். பொறியியல் கனவுள்ளவர் காம்போசிட் எடுத்தார், மற்றவருக்கு ஜெனரல். இன்று எழுபதைக் கடந்தவர்களிடம் கேட்டால், தாம் எடுத்தது எது என்பதைத் தயங்காமல் சொல்வார்கள். காம்போசிட் எடுத்தவர் குரலில் கொஞ்சம் மிடுக்கும் இருக்கும். கணக்கில் மேல்சாதி கீழ்சாதி அப்போதே வந்துவிட்டது.

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. கல்லூரிப் புகுமுக வகுப்பான பியுசி மறைந்தது, ‘குரூப்’ பிறந்தது. காமர்ஸ் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு வணிகக் கணிதம் அமர்ந்தது. 2018–19இல் 11ஆம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு 12ஆம் வகுப்புக்கும் வந்த புதிய பாடநூல்கள் புள்ளியியலைப் பெயரிலேயே சேர்த்தன.

பாடத்தைப் புரட்டினால் வியப்பு காத்திருக்கிறது. பங்கு, கடன் பத்திரம், தரகு, குறியீட்டெண், தரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. பல கிடங்குகளிலிருந்து பல ஊர்களுக்குக் குறைந்த செலவில் சரக்கு அனுப்பும் போக்குவரத்துக் கணக்கும் உண்டு. சங்ககிரி, நாமக்கல் லாரி ஆபீஸில் தினமும் வாயால் போடப்படும் கணக்கு இங்கே வடமேற்கு மூலை விதி, வோகல் முறை என்ற பெயர்களில் கட்டம் கட்டி நிற்கிறது. ஆனால் இவற்றோடு முக்கோணவியல், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகளும் வரிசையாக உண்டு. நுண்கணிதத்துக்கு மாற்று என்று எடுத்துக்கொண்ட பிள்ளை அதையே வேறு வாசல் வழியாகச் சந்திக்கிறது.

அதே வேளையில் இந்த மண்ணின் அன்றாடக் கணக்குகள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியேதான் கைமாறுகின்றன. கோவை மில்களில் பஞ்சு விலை கண்டிக்குப் பேசப்படும். ஒரு கண்டி 356 கிலோ. நூலின் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பது. 40ஆம் கவுண்ட் நூல் ஒரு பவுண்டில் 33,600 கஜம் ஓடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பார்க்க வட்டக் கட்டர் ஒன்று உண்டு. அது வெட்டும் துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம். சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக்கும் பாடம் அந்த நொடியில் முடிந்துவிடுகிறது.

வட்டிக் கணக்கு இன்னும் அவசரமானது. ‘நூத்துக்கு ரெண்டு ரூவா’ என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பது ஊரறிந்தது. ‘ஃபிளாட் 12’ என்பதுதான் ஏமாற்றும். ஒரு லட்சம் வாங்கி, 12 மாதத்தில் மாதம் 9,333 ரூபாய் கட்டினால், அசல் மாதாமாதம் குறைவதால், உண்மை வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். பைக் தவணைத் தாளில் கையெழுத்திடும் பதினெட்டு வயதுக்காரருக்குத் தொகை நுண்கணிதத்தைவிட இதுதான் முதலில் தேவை.

பாடத்தின் மதிப்பு உயராததற்குக் காரணம் சேர்க்கை விதி. 2007இல் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு ஒழிந்தபின் பொறியியல் கட்ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகள் அந்த நூற்றைக் குறிவைத்தே பெயர் வாங்கின. அந்தக் கூட்டலில் வணிகக் கணித மதிப்பெண்ணுக்கு இடமில்லை.

பிற நாடுகளில் தென்னாப்பிரிக்கா 2006இல் ‘கணித எழுத்தறிவு’ என்ற மாற்றுப் பாடத்தைப் பத்தாம் வகுப்பில் தொடங்கியது. இங்கிலாந்தில் ‘கோர் மேத்ஸ்’ 2014இல் வந்தது. இந்தியாவில் சி.பி.எஸ்.இ. 2020–21இல் 11ஆம் வகுப்பில் பயன்முறைக் கணிதத்தை விருப்பப் பாடமாக்கியது. ஃபிளாட் வட்டித் தவணையையும் குறையும் நிலுவைத் தவணையையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகக் கணிதம் தொடர்கிறது. அதற்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகள் உள்ள காமர்ஸ் தொகுப்பும் உண்டு.