யப்பானின் விடுமுறையும் வழிப்பயணமும்

யப்பான் தேசத்துக்குப் பிரயாணம் செய்ய எண்ணுவோர், அந்நாட்டை முன்னரே கண்டு வந்தவர்களை அணுகி ஆலோசனை கேட்பின், அவர்கள் முதலிற் கூறுவது எந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்பதன்று. எந்த நாட்களிற் போகலாகாது என்பதேயாகும். ஆண்டின் இறுதியும் புத்தாண்டும் கூடும் வாரம், ஏப்பிரல் முடிவும் மே மாதத் தொடக்கமும் சேரும் வாரம், ஓகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதி ஆகிய இம் மூன்று காலங்களிலும் புகையிரதத்தில் இடம் கிடைப்பது அரிது. விடுதிகளின் வாடகை ஏறிவிடும். நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும். ஆதலின் இக்காலங்களை விலக்கிப் பயணநாளைக் குறித்துக்கொள்க என்பர்.

ஆலோசனை நல்லதே. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. ஆண்டில் 365 நாட்கள் இருக்க, ஒரு நாட்டு மக்களிற் பெரும்பாலோர் அதே சில நாட்களில் வீட்டை விட்டுப் புறப்படுவது ஏன்? இதற்குரிய விடையை அந்நாட்டு மக்களின் உழைப்பையும் ஓய்வையும் பற்றிய வரலாற்றிலேயே தேடல் வேண்டும். அவ்வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

1603ஆம் ஆண்டு தொடக்கம் இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக யப்பானை டொக்குகாவா குலத்துச் சேனாதிபதிகள் ஆண்டனர். அவர்களுடைய தலைநகர் எடோ. அதுவே இன்று டோக்கியோ என வழங்குவது. எடோவிலிருந்து ஐந்து பெருவழிகள் நாட்டின் பல திசைகளுக்கும் சென்றன. அவற்றுள் முதன்மையானது பேரரசர் வாழ்ந்த கியோட்டோ நகரை நோக்கிச் சென்ற டோக்கைடோ என்னும் கடலோர வழியாகும். அவ்வழியில் 53 தங்குமிடங்கள் இருந்தன. நடந்து செல்வோர் சுமார் இரண்டு வாரத்தில் அதனைக் கடந்தனர்.

வழி இருந்ததெனினும் வழிச்செல்லும் உரிமை எல்லோர்க்கும் இருந்திலது. ஹக்கோனே மலை முதலிய இடங்களில் அரசாங்கம் காவற் சாவடிகளை அமைத்து, பயணிகளின் அனுமதிச் சீட்டைப் பரிசோதித்தது. எடோவை நோக்கி வரும் துப்பாக்கிகளும், எடோவை விட்டு வெளியே செல்லும் பெண்களும் அங்கே சிறப்பாகக் கவனிக்கப்பட்டனர். பெண்களைக் கவனித்தது ஏனெனில், சிற்றரசர்களின் மனைவியரும் மக்களும் எடோவிலே பிணையாக இருத்தப்பட்டிருந்தனர். அவர்கள் மாறுவேடம் பூண்டு வெளியேறின், அது கலகத்துக்கு அறிகுறியாகும் என அரசாங்கம் அஞ்சிற்று. 1635ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிற்றரசர்கள் ஓராண்டு எடோவிலும் அடுத்த ஆண்டு தம் நாட்டிலுமாக மாறி மாறி வாழவேண்டியவராயினர். அவர்கள் பெரும் பரிவாரத்துடன் வழியிற் செல்லும்போது தங்குமிடங்கள் நிறைந்துவிடும். ஏனையோர் ஒதுங்கி நிற்பர். கூட்டம் பார்த்துப் பயணம் செய்யும் வழக்கம் இவ்வாறு பழமையானதேயாம். 1810இல் யசுமி ரோஆன் என்பவர் பிரயாணிகளுக்கு 61 எச்சரிக்கைகளைக் கூறும் நூலொன்றை வெளியிட்டார். சத்திரத்தை அடைந்தவுடன் திசையையும், முன்வாயில் பின்வாயில்களையும், மலசலகூடம் இருக்குமிடத்தையும் அறிந்துகொள்ளவேண்டும் என்பது அவர் கூறியவற்றுள் ஒன்று. நெருங்கிய சத்திரத்திலே இரவில் தீயோ திருடரோ வந்தாற் பயன்படும் அறிவுரை இது.

இக்கட்டுப்பாடுகளுக்கிடையே சாதாரண மக்களுக்குத் திறந்திருந்த ஒரு வாயில் தலயாத்திரையாகும். இசே நகரிலுள்ள சூரியதேவியின் ஆலயத்தைத் தரிசிக்கப் போகின்றேன் என்றால் அனுமதி எளிதிற் கிடைத்தது. சில ஆண்டுகளிலே இவ்யாத்திரை நாடெங்கும் பெருவெள்ளமெனப் பெருகிற்று. 1705ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐம்பது நாட்களுள் 36 இலட்சம் பேர் இசேக்குச் சென்றனர் என்பதை அறிஞர் மோட்டோவோரி நொரிநாகா குறித்துள்ளார். அக்காலத்து யப்பானின் மொத்தச் சனத்தொகை மூன்று கோடி அளவே. 1830இலும் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அக்கூட்டத்திலே எசமானிடம் சொல்லாமற் புறப்பட்ட பணியாட்களும், பெற்றோர் அறியாமற் சென்ற சிறுவரும் பலர் இருந்தனர். கையிற் பணமில்லாத அவர்களுக்கு வழியிலுள்ளோர் உணவும் இடமும் கொடுத்தனர். ஆலயத்திலிருந்து பெற்ற காப்புச் சீட்டுடன் திரும்பிவந்தவரைத் தண்டியாமல் விடுவது வழக்கமாயிருந்தது.

சொல்லாமற் போகும் அளவுக்கு அப்பணியாட்களை உந்தியது யாது? அவர்களுக்கு இருந்த விடுமுறையை அறிந்தால் இது விளங்கும். நகரத்து வணிகர் வீடுகளிலே பத்துப் பன்னிரண்டு வயதிற் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் பல ஆண்டுகள் தங்கித் தொழில் பழகினர். வாரவிடுமுறை என்பது அக்காலத்தில் இல்லை. ஆண்டுக்கு இரண்டே நாட்கள் அவர்கள் வீடு செல்ல விடப்பட்டனர். முதல் மாதத்துப் பதினாறாம் நாள் ஒன்று; ஏழாம் மாதத்துப் பதினாறாம் நாள் மற்றொன்று. இதற்கு யபுயிரி என்று பெயர். முன்னையது புத்தாண்டுச் சடங்குகள் முடிந்த மறுநாள்; பின்னையது இறந்த முன்னோரின் ஆவிகளை வரவேற்று வழியனுப்பும் ஓபோன் விழாவை ஒட்டிய நாள். எசமான் வீட்டுக் கடமைகள் முடிந்தபின்னரே வேலைக்காரச் சிறுவனுக்கு ஓய்வு கிடைத்தது. புத்தாடையும் சிறிது கைச்செலவும் பெற்றுக்கொண்டு அவன் தாயைக் காணப் புறப்பட்டான். ஊர் தொலைவிலிருந்தாற் போய்த் திரும்ப நேரமில்லை. அத்தகையோர் நகரத்து வேடிக்கைகளைப் பார்த்து அந்நாளைக் கழித்தனர்.

இன்றைய யப்பானிலே புத்தாண்டுக் கூட்டம், ஓபோன் கூட்டம் என வழங்கும் இரு பெரும் நெருக்கங்களும் இதே இரு காலங்களில் நிகழ்வதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

1868இல் மெய்ஜி பேரரசரின் ஆட்சியோடு புதிய காலம் பிறந்தது. 1869இல் காவற் சாவடிகள் ஒழிக்கப்பட்டன. 1872இல் டோக்கியோவின் சிம்பாசியிலிருந்து யொக்கோகாமாவுக்கு முதற் புகையிரதம் ஓடிற்று. அதே ஆண்டிறுதியில் பழைய சந்திர நாட்காட்டியை நீக்கி மேல்நாட்டு நாட்காட்டியை ஏற்பதென அரசாங்கம் முடிவு செய்தது. பழைய கணக்கிற் பன்னிரண்டாம் மாதத்து மூன்றாம் நாளாக வரவேண்டியது, புதிய கணக்கில் 1873 ஜனவரி முதலாம் நாளாயிற்று. விழாக்களின் நாட்கள் குழம்பின. டோக்கியோவிற் பலர் ஓபோனைப் புதிய யூலை மாத நடுவிற் கொண்டாடினர். ஏனைய பல பகுதிகளில் யூலை மாதம் வயல்வேலை மிகுந்த காலமாதலின், ஒரு மாதம் தள்ளி ஓகஸ்ட் நடுவிற் கொண்டாடினர். ஓகஸ்ட் 13 முதல் 16 வரை யப்பானிய வழிகள் நெருங்குவதற்கு மூலகாரணம் இவ்வயல்வேலையே.

அரசாங்க உத்தியோகத்தருக்கு டிசெம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை என்பதும் 1873இல் வகுக்கப்பட்டதே. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அவர்களுக்கு 1876இல் வந்தது. கடைச் சிறுவர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் அது உடனே கிட்டவில்லை. அவர்களிற் பலர் யபுயிரி நாட்களையே இன்னும் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்தனர். புகையிரதக் கம்பனிகளோ புதியதொரு வழக்கத்தை வளர்த்தன. புத்தாண்டில் நகருக்கு வெளியிலுள்ள புகழ்பெற்ற ஆலயங்களுக்குப் புகையிரதத்திற் சென்று வருக என அவை விளம்பரஞ் செய்தன. புத்தாண்டின் முதல் தரிசனம் என்று இன்று பழம்பெரு மரபாகக் கருதப்படும் வழக்கம், இப்போதைய வடிவிற் பரவியதற்கு இவ்விளம்பரங்கள் பெரிதும் துணைபுரிந்தன.

இரண்டாம் உலகப் போரிலே தோல்வியுற்ற யப்பான், 1947 மே 3ஆம் நாள் புதிய அரசியலமைப்பை நடைமுறைப்படுத்திற்று. 1948 யூலையில் தேசிய விடுமுறைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. ஒன்பது நாட்கள் விடுமுறையாயின. அவற்றுள் ஏப்பிரல் 29 அக்காலப் பேரரசரின் பிறந்தநாள். மே 3 அரசியலமைப்பு நாள். மே 5 சிறுவர் நாள். வெவ்வேறு காரணங்களுக்காக ஏற்பட்ட இம் மூன்று நாட்களும் ஒரே வாரத்தில் விழுந்தன. 1950களின் தொடக்கத்திலே, அவ்வாரத்திற் படமாளிகைகள் நிறைவதைக் கண்ட சினிமாத் தொழிலினர் அதற்குப் பொன் வாரம் எனப் பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டது.

அதே பத்தாண்டிலே மற்றொரு பெயர்ச்சியும் தொடங்கிற்று. 1954இல் வடக்கேயுள்ள அவோமோரியிலிருந்து டோக்கியோவின் உயேனோ நிலையத்துக்கு ஒரு விசேட புகையிரதம் வந்தது. அதில் வந்தோர் நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுச் சிறுவரும் சிறுமியரும். ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்க அவர்கள் கூட்டமாக அழைத்துவரப்பட்டனர். இத்தகைய விசேட புகையிரதங்கள் 1975 வரை ஓடின. போருக்குப் பிந்திய யப்பானின் செல்வவளர்ச்சியைத் தாங்கிய கைகளுள் இப்பிள்ளைகளின் கைகளும் உண்டு. அவர்கள் ஊர் திரும்பியதும் பெரும்பாலும் புத்தாண்டுக்கும் ஓபோனுக்குமே. அந்நாட்களில் உயேனோ நிலையத்தில் வீட்டுக்குரிய பரிசுப் பொதிகளுடன் இளைஞர் வரிசையாகக் காத்திருந்தனர். எடோ காலத்து யபுயிரிச் சிறுவனின் பயணத்தையே அவர்கள் புகையிரதத்திற் செய்தனர் எனலாம்.

1964 ஒக்டோபர் முதலாம் நாள் டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே சின்கான்சென் என்னும் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 515 கிலோமீற்றர் தூரத்தை அது நான்கு மணித்தியாலத்திற் கடந்தது. அதற்குமுன் விரைவுப் புகையிரதத்துக்கும் ஆறரை மணித்தியாலம் வேண்டியிருந்தது. வேகம் கூடியும் நெருக்கம் குறையவில்லை. ஊருக்குப் போகாமல் இருந்தவர்களும் இப்போது போகலாயினர்.

நெருக்கத்தைக் கலைக்க அரசாங்கம் முயலாமலில்லை. ஆனால் அது வகுத்த சட்டங்கள் இருவகையாக வேலை செய்தன. ஞாயிற்றுக்கிழமையில் விழும் விடுமுறைக்கு ஈடாக மறுநாளை அளிக்கும் திருத்தம் 1973இல் வந்தது. இரு விடுமுறைகளுக்கு இடையில் அகப்பட்ட நாளையும் விடுமுறையாக்கும் திருத்தம் 1985இல் வந்தது. இவை ஓய்வைக் கூட்டின. அதனோடு பொன் வாரத்தின் கூட்டத்தையும் கூட்டின. 2000ஆம் ஆண்டு தொடக்கம் சில விடுமுறைகள் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டன. 2016இல் ஓகஸ்ட் 11 மலை நாளாயிற்று. இன்று தேசிய விடுமுறைகள் 16 ஆகும். புதிய பேரரசர் அரியணை ஏறிய 2019இல் ஏப்பிரல் 27 முதல் மே 6 வரை பத்து நாட்கள் தொடர்ந்து விடுமுறையாய் அமைந்தன.

சட்டப்படி தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய தனி விடுமுறையும் உண்டு. எனினும் உடன் வேலை செய்வோர் உழைக்கும்போது தான் மட்டும் ஓய்ந்திருக்க நாணி, அதனை எடுக்காமல் விடுவோர் பலர். பத்து நாட்களும் அதற்கு மேலும் தனி விடுமுறை உடையோர் அதில் ஐந்து நாட்களையேனும் எடுக்கச் செய்தல் முதலாளியின் கடமை என 2019இல் விதிக்கப்பட்டது. விடுமுறையை எடுப்பிக்கவும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது! எல்லோரும் ஓய்ந்திருக்கும் நாளிலேதான் தானும் கூச்சமின்றி ஓயலாம் என்னும் இம்மனநிலையே நாட்டை ஒரே நாளிற் புறப்படச் செய்கின்றது.

இனி, பயணத்தை எண்ணுவோர்க்குச் சில சொற்கள். டிசெம்பர் இறுதி முதல் ஜனவரி முதல்வாரம் வரையும், ஏப்பிரல் 29 முதல் மே 5 வரையும், ஓகஸ்ட் நடுவிலும் நீண்ட பயணத்தைத் தவிர்த்தல் நன்று. செப்டெம்பரிலும் சில ஆண்டுகளில் ஐந்துநாள் விடுமுறை அமையும். 2009, 2015, 2026 அத்தகைய ஆண்டுகள். செரிப்பூ மலரும் மார்ச் இறுதியும் ஏப்பிரல் தொடக்கமும், கியோட்டோவில் இலைகள் சிவக்கும் நவம்பர் பிற்பகுதியும் விடுமுறையின்றியே கூட்டத்தை ஈர்ப்பன. ஜனவரி நடுப்பகுதிக்குப் பின்னும், மழைக்காலமாயினும் தேசிய விடுமுறை ஒன்றுமில்லாத யூன் மாதத்திலும், டிசெம்பர் முற்பகுதியிலும் வழிகள் ஓரளவு அமைதியாயிருக்கும். நெருங்கிய காலத்தில் போயே தீரவேண்டுமெனின், சின்கான்சென் ஆசனங்கள் ஒரு மாதத்துக்கு முன் காலை பத்து மணிக்கு விற்பனைக்கு வருவதை அறிந்து அன்றே பெற்றுக்கொள்க. 2023ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம், அம் மூன்று காலங்களிலும் நொசோமி என்னும் விரைவு வண்டிகளில் முன்பதிவில்லா ஆசனம் கிடையாது.

நேயர்களே! தன் நாளைத் தானே தெரிவு செய்துகொள்ளக் கூடியவன் வெளிநாட்டுப் பயணி. அங்கே நெருக்குண்டு நிற்போரிற் பலருக்கு வேறு நாள் இல்லை. அவர்கள் பரிசுப் பொதியுடன் தாயைக் காணவும், முன்னோர் கல்லறையை நீராட்டி வணங்கவும் செல்கின்றனர். ஆதலின் அந்நாட்களை விலக்கிப் போவது நமக்கு வசதி என்பதோடு அமைவதன்று. அவர்களுக்கென வரலாறு விட்டுவைத்த சில நாட்களை அவர்களுக்கே விட்டுக்கொடுக்கும் மரியாதையும் ஆகும்.