கல்லில் விழுந்த கீறல்

சரித்திரம் என்பது பெரிய மனிதர்கள் விட்டுச்சென்ற காகிதங்களில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் போகவில்லை. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு துண்டு அட்டையும் சாட்சி சொல்லும் என்பதற்கு, அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை; பார்க்கிற ஆசையும் இல்லை. என் அக்கறை அச்சில்.

1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட், புகையிலை பாக்கெட்டுகளுக்குள் ஆட்டக்காரர்களின் வண்ணப் படங்களை வைத்து விற்றது. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். முகப்பில் ஆட்டக்காரர், முதுகில் பீட்மான்ட், ஸ்வீட் காப்போரல், போலார் பேர் என்று ஏதாவது ஒரு பிராண்டின் விளம்பரம். மொத்தம் 524 அட்டைகள் என்பது பொதுவான கணக்கு. சேகரிப்பவர்கள் இந்தத் தொகுப்பை டி206 என்பார்கள். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் ஏகபோகத்தைக் கலைத்தது. அதே வருஷத்தோடு அட்டைகளும் முடிந்தன.

டி206 என்ற குறியீடு ஜெஃபர்சன் பர்டிக் வகுத்தது. டி என்றால் இருபதாம் நூற்றாண்டின் புகையிலை அட்டை. பர்டிக் பேராசிரியர் அல்ல. சிரக்யூஸில் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டியவர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, மூட்டுவாதத்தில் முடங்கிய விரல்களால் தாமே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்துபோனார். பகலெல்லாம் லெட்ஜரோடு கழிக்கிற எனக்கு இந்த மனிதரிடம் ஒட்டுதல் ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை. ஒட்டிய அட்டைகளின் முதுகு போனது போனதுதான். ஆனாலும் குப்பையை ஆவணமாக்கியவர் அவர்.

அச்சடித்தது நியூயார்க்கின் அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி. முறை, ஸெனஃபெல்டர் 1790-களின் கடைசியில் பவேரியாவில் கண்டுபிடித்த கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே உண்மையின்மேல் நிற்பது அது. கொழுப்பு மசியால் வரைந்த இடம் அச்சு மையை வாங்கிக்கொள்ளும். ஈரமான இடம் தள்ளிவிடும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி வரைவு, தனி ஓட்டம். புகைப்படத்தைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வரைந்த சித்திரக்காரர்களின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. ஒரு வண்ணம் நூலளவு நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

இந்தத் தொகுப்பின் வெட்டப்படாத முழுத் தாள் ஒன்றுகூட இதுவரை வெளிவரவில்லை. அப்படியானால் தாளில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்? பதில் பிழைகளில் இருக்கிறது. தப்பாக வெட்டப்பட்ட சில அட்டைகளில் காலடியில் ஒரு பெயரும் தலைக்குமேல் ஒரு பெயருமாக இரண்டு தெரிகின்றன. இரண்டும் ஒரே பெயராக இருந்தால், அந்த ஆட்டக்காரர் மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டார் என்று அர்த்தம். சில பீட்மான்ட் முதுகுகளில் மெல்லிய கோடுகள் இருக்கின்றன. அச்சுப் பரப்பில் விழுந்த கீறல்கள். ஓர் அட்டையின் ஓரத்தில் அறுந்த கோடு இன்னோர் அட்டையில் தொடர்கிறது. சேகரிப்பவர்கள் இவற்றைப் பொருத்திப் பொருத்தி, காணாமற்போன தாளின் பகுதிகளை மீண்டும் கட்டியிருக்கிறார்கள். ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியும் இதுதான். சரியான பாடம் எல்லா ஏட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று காட்டிக்கொடுப்பது பிழைதான்.

சந்தையின் நியாயம் வேறு. ஹோனஸ் வாக்னரின் அட்டை மிகச் சில பிரதிகளோடு நின்றுபோனது. சிகரெட்டோடு தன் படம் போவதை அவர் விரும்பவில்லை என்ற செய்தி 1912-லேயே பத்திரிகையில் வந்தது. அவர் புகையிலை மெல்லுகிறவர் என்பதால் காரணம் பற்றிய தர்க்கம் ஓயவில்லை. ஒரு பிரதி 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இன்னொன்று, இருப்பவற்றில் மிகச் சுத்தமானது என்று பெயரெடுத்தது, 1991-இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போனது. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தாமே என்று பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 2013-இல் ஒப்புக்கொண்டார்.

வாக்னரிடமே இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு புரூஃப் பட்டையும் உண்டு. ஐந்து ஆட்டக்காரர்கள், வெட்டாமல், ஒரே வரிசையில், மடிப்பும் கசங்கலுமாக. புரூஃப் என்பதால் விற்பனைத் தாளின் வரிசையை அது நிரூபிக்காது. ஆனால் அதன் ஓரங்கள் ஏதோ சொல்கின்றன. சுத்தமான அட்டையின் ஓரத்தில் பக்கத்து அட்டையின் மை ஒட்டியிருந்ததா, ஒரு கீறல் முடிந்ததா, இனி யாரும் சொல்ல முடியாது. அது குப்பைக்கூடைக்குப் போய்விட்டது.

பழைய இதழ்களைத் தொகுத்து மறுபதிப்புப் போடும் நண்பர்கள், அச்சுப்பிழைகளையெல்லாம் திருத்திவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்த ஓரத்துத் துண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.